தோப்புக்குத் தண்ணீர் கட்டினால் மேகம் கூடுமா? வாசகர் கேள்வி-பதில்

மண் ஈரம், மழை இரண்டையும் பற்றி பாலக்காட்டு எல்லையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் பக்கம் கோடை மழை நம்பும்படி இல்லை. ஊரிலுள்ள எல்லாத் தோப்புக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் கட்டி, குளத்தையும் நிரப்பி வைத்தால், அந்த ஈரம் மேலே போய் நமக்கே மழையாகும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். நடக்கிற காரியமா?
– தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை

ஈரம் மேலே போகும். ஆனால் உங்கள் ஊரில் இறங்காது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நன்றாகத் தண்ணீர் கட்டிய தோப்பு, வெயில் கொளுத்தும் நாளில் சுமார் 5 மி.மீ. தண்ணீரை ஆவியாக விடும். ஏக்கருக்கு 1 மி.மீ. என்பது 4,047 லிட்டர். ஆக 5 மி.மீ. என்றால் ஏறத்தாழ 20,000 லிட்டர். ஊரில் 500 ஏக்கருக்கு ஒரே நாளில் தண்ணீர் கட்டியதாக வைத்துக்கொண்டாலும் மேலே போவது 1 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. 100 சதுர கி.மீ. பரப்பில் 40 மி.மீ. கொட்டும் ஓர் இடிமழை இறக்குவதோ 400 கோடி லிட்டர். உங்கள் ஊர் முழுக்கச் சேர்ந்தாலும் அதில் 400-இல் ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கும் தலைக்கு மேலேயே நிற்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வீசினால் எட்டு மணி நேரத்தில் 144 கி.மீ. போய்விடும். ஜூன், ஜூலையில் உங்கள் தோப்பின் ஆவி தாராபுரம் தாண்டிக் கரூர்ப் பக்கம் போகும். டிசம்பர், ஜனவரியில் கிழக்குக் காற்று அடிக்கும்போது திருச்சூர்ப் பக்கம் போகும். காற்றில் கலந்த நீராவி மறுபடி மழையாக இறங்குவதற்கு உலகச் சராசரியாக எட்டு முதல் பத்து நாள் ஆகிறது.

இதற்காக, நிலத்தின் ஈரத்துக்கும் மழைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உலகில் நிலத்தின் மேல் பெய்யும் மழையில் சுமார் 40%, நிலத்திலிருந்தே ஆவியானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அது கண்டம் அளவிலான கணக்கு. 500 கி.மீ. அகலமுள்ள ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், அங்கே பெய்யும் மழையில் அதே வட்டாரத்து ஈரத்தின் பங்கு உலகச் சராசரியில் சுமார் 10%, 1,000 கி.மீ. என்றால் 17%. பரப்பு சுருங்கச் சுருங்க இந்தப் பங்கும் சுருங்கும். ஒரு பஞ்சாயத்துக்கு வந்தால் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

பெரும் பரப்பில் பாசனம் செய்தால் பலன் தெரிவதுண்டு. அமெரிக்காவில் ஓகலாலா நிலத்தடி நீரை இறைத்துப் பல மாநிலங்களில் விவசாயம் செய்கிறார்கள். அங்கே பாசனம் பெருகிய காலத்தில், காற்று போகும் திசையில் இண்டியானா வரைக்கும் ஜூலை மழை 15 முதல் 30% கூடியிருந்ததை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூடிய மழை முழுவதும் பாசனத்தால்தான் என்று ஆய்வு செய்தவர்களே அடித்துச் சொல்லவில்லை. கூடியது இறைத்தவர் வயலிலும் அல்ல, காற்று போன பக்கத்தில். நம் நாட்டுக் கதை வேறு. வட இந்தியாவில் பெருமளவு பாசனம் நிலத்தைக் குளிரவைக்கிறது. நிலம் கடலைவிடச் சூடாக இருப்பதுதான் பருவக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தச் சூடு குறைந்தால் இழுப்பும் குறையும் என்று கணினி மாடல்கள் காட்டுகின்றன.

குளத்தை நிரப்புங்கள், கிணறு ஊறும். மழைக்காகத் தோப்பில் தண்ணீரைத் தேக்காதீர்கள். மோட்டார் ஓடிய கரண்டுதான் வீண்.

ஈரமான மண்ணில்தான் மழை அதிகம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. காய்ந்த மண்ணில்தான் அதிகம் என்று இன்னொன்று. இரண்டும் விஞ்ஞானிகள் எழுதியவை. எது சரி?
– கல்லூரி மாணவி, ஆனைமலை

இரண்டும் சரி. ஒன்று 'எந்த நாளில்' என்ற கேள்விக்குப் பதில், மற்றது 'எந்த இடத்தில்' என்பதற்குப் பதில்.

முதலில் மண் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மண்ணில் விழும் வெயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகிறது. மிச்சம் காற்றைச் சுட வைக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 24.5 லட்சம் ஜூல் வேண்டும். மேலே சொன்ன ஓர் ஏக்கர் தோப்பின் 20,000 லிட்டருக்கு அதை மின்சாரக் கணக்கில் மாற்றினால் 13,000 யூனிட்டுக்கு மேல் வரும், அதுவும் ஒரே நாளுக்கு. மண் காய்ந்திருந்தால் இவ்வளவும் காற்றைச் சூடாக்கப் போகும். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலை அத்தனை கடுமையானதற்கு, வசந்த காலத்திலேயே மண் காய்ந்து போனதும் ஒரு காரணம்.

இனி மேகம். தரைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து, ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால், தரையிலிருந்து மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்று கிடைக்கும். காய்ந்த நிலத்தில் 36 டிகிரி, பனிப்புள்ளி 20 என்றால் 16 × 125 = 2,000 மீட்டர். ஈர நிலத்தில் 32, பனிப்புள்ளி 23 என்றால் 1,125 மீட்டர். ஈர நிலத்தில் மேகம் தாழ்வாகவே கூடிவிடும், மழைக்கு வேண்டிய சரக்கும் அதில் அதிகம். ஆனால் காற்றை மேலே தள்ளும் சூடு குறைவு. காய்ந்த நிலத்தில் தள்ளும் வேகம் உண்டு, சரக்கு குறைவு. எது ஜெயிக்கும் என்பதை அன்றைக்கு மேல்காற்று இருக்கும் நிலை தீர்மானிக்கும்.

2004-இல் ராண்டல் கோஸ்டர் தலைமையில் 12 வானிலை மாடல்களை ஒன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண் ஈரம் மழையை அதிகம் பாதிக்கும் இடங்கள் என்று அமெரிக்காவின் நடுச் சமவெளி, ஆப்பிரிக்காவின் சாஹேல் (சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டை), நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா, இந்தியா ஆகியவை தெரிந்தன. ஈரம் கூடினால் மழை கூடும் என்ற கட்சிக்கு இதுதான் பெரிய பலம். அது 12 மாடல்களின் சராசரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சொல்லிற்று என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை.

2012-இல் கிறிஸ் டெய்லரும் சகாக்களும் மாடலை விட்டு, செயற்கைக்கோள் பதிவுகளை எடுத்து ஆறு கண்டங்களைப் பார்த்தார்கள். பிற்பகல் மழை, சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்திருக்கும் துண்டுகளின் மேல் அதிகம் பெய்திருந்தது. சாஹேலில் அது மிகத் தெளிவு. காரணம் கடற்காற்றின் அதே வேலைதான். காய்ந்த துண்டு சூடாகிறது, காற்று அங்கே எழும்புகிறது, பக்கத்து ஈர நிலத்திலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே பாய்கிறது.

2015-இல் வெளியான ஆய்வு இரண்டையும் சேர்த்து வைத்தது. வட்டாரம் மொத்தமும் வழக்கத்தைவிட ஈரமாக இருக்கும் நாளில் மழைக்கு வாய்ப்பு கூடுதல்; அந்த வட்டாரத்துக்குள் மழை இறங்குவது சற்றுக் காய்ந்த துண்டின் மேல். 'துண்டு' என்றால் உங்கள் வீட்டுத் தோட்டம் இல்லை. பத்திருபது கி.மீ.க்கு மேற்பட்ட அகலம்.

ஜூனில் கணவாய்க்கு மேற்கே சேறும் சகதியும். கிழக்கே எங்கள் பூமி புழுதி பறக்கிறது. மேற்கே ஈரம் இருப்பதால்தான் அங்கே மழை மேலும் மேலும் பெய்கிறதா?
– மானாவாரி விவசாயி, கோபாலபுரம்

இல்லை. மேற்கே பெய்வது அரபிக் கடலிலிருந்து வரும் ஈரம். மலை தடுத்து உயர்த்துவதால் கொட்டுகிறது. ஆண்டுக்கு சராசரி 3,000 மி.மீ. பெறும் கேரளத்தில், ஜூன் மாத மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஆவியாவதைக் கட்டுப்படுத்துவது வெயில்தான். மேகம் மூடியிருக்கும் வரை, மண்ணில் இன்னும் 20 மி.மீ. கூட்டினாலும் ஆவி கூடாது. பாலைவனத்தில் நேர்மாறு: வெயில் ஏராளம், ஆவியாக ஈரம் இல்லை. இந்த இரண்டு கோடியிலும் மண் ஈரம் மழையை அசைப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவில், ஒரு நாள் ஈரம் ஒரு நாள் காய்ச்சல் என்று மாறி மாறி இருக்கும் பூமியில்தான் அதன் செல்வாக்கு. சாஹேலும் அமெரிக்கச் சமவெளியும் அப்படிப்பட்டவை. கணவாய்க்குக் கிழக்கே உங்கள் பக்கமும் அந்த ரகம்தான். ஆனால் உங்களுக்கு மழை குறைவதற்கு முதல் காரணம் மலை மறைவு. மண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

கோடை உழவு ஓட்டினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?
– வாசகர், மீனாட்சிபுரம்

உழவு மழையைக் கூப்பிடாது. வந்த மழையை உள்ளே வாங்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பக்கம் 1870, 80-களில் இதே நம்பிக்கையில் புல்வெளியை உழுது ஆயிரக்கணக்கானோர் குடியேறினார்கள். சில வருடம் தற்செயலாக நல்ல மழை. 1890-களின் வறட்சியில் ஏராளமானோர் மூட்டை கட்டினார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், முதல் மழைக்குப் பின் பதம் பார்த்து. புழுதியாகும் அளவுக்கு ஓட்டினால் அடுத்த மழையில் மேல்மண் இறுகி ஏடு கட்டி, தண்ணீர் உள்ளே போகாமல் ஓடிவிடும்.

கருவி வாங்காமல் மண் ஈரத்தை எண்ணாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? கையில் பிடித்துப் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.
– விவசாயி, வடகரப்பதி. இதே கேள்வி ஆனைமலையிலிருந்தும்

எடை போட்டுக் காய வைப்பதுதான் மூல முறை. எந்தக் கருவியையும் கடைசியில் இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

மூடியுள்ள சிறு எவர்சில்வர் டப்பா, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு (0.1 கிராம் காட்டினால் இன்னும் நல்லது), மண்வெட்டி. தென்னை என்றால் மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, வட்டப் பாத்திக்குள் ஒரு குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரைப் புதிதாகச் சீவி, 15, 30, 45 செ.மீ. ஆழத்தில் தலா 100 கிராம் போல எடுத்து உடனே மூடுங்கள். சொட்டுநீர் விழும் இடத்தை ஒட்டி எடுத்தால் தோப்பே ஈரம் என்று காட்டும். இரண்டு சொட்டுவாய்க்கு நடுவில் எடுத்தால் தோப்பே காய்ந்தது போல் இருக்கும். இரண்டிலும் எடுத்துத் தனித்தனியாகக் குறியுங்கள். கரிசலில் வெடிப்பின் ஓரத்தில் எடுக்கக் கூடாது.

வெறும் டப்பாவின் எடையைக் கழித்து ஈர எடை குறியுங்கள். ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். வீட்டில் மின் அடுப்பு (அவன்) இருந்தால் அதே அளவு வையுங்கள். இல்லையென்றால் இரும்பு வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறி, ஆறவிட்டு எடை போட்டு, மறுபடி சூடாக்கி எடை போடுங்கள். இரண்டு எடையும் ஒத்து வந்தால் போதும். புகை வாடை வந்தால் மண்ணிலுள்ள மட்கு எரிகிறது, அந்த இழப்பும் ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஈர எடை 118 கிராம், காய்ந்த எடை 98 கிராம் என்றால் குறைந்தது 20. இதை 98-ஆல் வகுக்க வேண்டும்: 20.4%. பலர் 118-ஆல் வகுத்து 17% என்று எழுதிவிடுகிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இதை மி.மீ. ஆக்கினால்தான் மழையோடு ஒப்பிட முடியும். 3 அங்குல பைப்பில் 10 செ.மீ. நீளம் வெட்டி, பக்கவாட்டில் மண் நசுங்காதபடி இறக்கி, முழு மண்ணையும் எடுத்துக் காயவைத்து எடை போடுங்கள். உள்விட்டம் 7.5 செ.மீ. என்றால் கொள்ளளவு 442 கன செ.மீ. காய்ந்த எடை 575 கிராம் வந்தால் அடர்த்தி 1.3. இப்போது கன அளவில் ஈரம் 20.4% × 1.3 = 26.5%. மேல் 30 செ.மீ.யில் 300 × 0.265, அதாவது ஏறத்தாழ 80 மி.மீ. தண்ணீர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேரளத்தில் கரிசல் மண் என்றால் சித்தூர் தாலூகாவில்தான்; உங்கள் வடகரப்பதி அதற்குள் வருகிறது. கரிசல், கன அளவில் 20% அளவுக்கு ஈரத்தைச் செடிக்குக் கொடுக்காமல் தன்னிடமே பிடித்துக்கொள்ளும். 80-இல் 60 மி.மீ. அப்படிப் போனால் வேருக்குக் கிடைப்பது 20 மி.மீ. ஆனைமலைப் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில் எடைக்கணக்கில் வெறும் 12% ஈரம், அடர்த்தி 1.5 என்று வையுங்கள். 30 செ.மீ.யில் 54 மி.மீ. வரும், பிடித்துக்கொள்வது 9%, அதாவது 27 மி.மீ.; கிடைப்பது மிச்ச 27. கையில் பிடித்துப் பார்த்தால் கரிசல்தான் ஈரம். செடியைக் கேட்டால் செம்மண் என்று சொல்லும்.

எண்ணே வேண்டாம், தண்ணீர் கட்டலாமா வேண்டாமா என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய, விளக்கு நிறத்தால் மண் ஈரம் காட்டும் கருவி இருக்கிறது. நீலம், பச்சை எரிந்தால் பொறுக்கலாம். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு வரை விடக் கூடாது.

டென்சியோமீட்டர் (மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று காட்டும் கருவி; மண் காயக் காய முள் ஏறும்) வைத்திருக்கிறேன். போன மாதம் முள் 70-இல் இருந்தது. தண்ணீர் கட்டாமலே ஒரு நாள் 0-க்கு வந்துவிட்டது. மழையும் இல்லை. எப்படி?
– காய்கறி விவசாயி, எருத்தேம்பதி

மண் ஈரமாகவில்லை, கருவிக்குள் காற்று புகுந்துவிட்டது. முள் 80 சென்டிபாரை நெருங்கும்போது உள்ளே உள்ள நீர்த்தம்பம் அறுந்துவிடும். கரிசலில் அதற்கு முன்பே மண் சுருங்கி பீங்கான் முனையிலிருந்து விலகிவிடும். இழுப்பு விட்டுப்போனால் முள் 0. அது சேற்று மண்ணுக்கும் அதே 0, பாறை போல் காய்ந்த மண்ணுக்கும் அதே 0. இதை நம்பித் தண்ணீரை நிறுத்தினால் பயிர் போய்விடும்.

பிடுங்கி, முனையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். கொதித்து ஆறிய நீரால் நிரப்பி, குமிழி வெளியேற மெல்லத் தட்டுங்கள். துளைக்குள் அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றி, அதில் முனையை இறக்குங்கள். முள் 50-ஐத் தாண்டும் முன் தண்ணீர் கட்டும் பழக்கம் வைத்தால் அறுபடாது. வெடிக்கும் கரிசலுக்கு இந்தக் கருவியை நான் சிபாரிசு செய்வதில்லை. மின்தடையை வைத்து ஈரம் காட்டும் ஜிப்சம் கட்டிதான் பொருத்தம்.

செயற்கைக்கோள் ஈர வரைபடத்தில் எங்கள் ஊர் நீல நிறம். திராட்சைத் தோட்டமோ காய்கிறது. படம் பொய்யா?
– திராட்சை விவசாயி, கம்பம்

பொய்யில்லை, ஆனால் அது உங்கள் தோட்டத்தின் படமும் இல்லை. நாசாவின் ஸ்மாப் (2015 ஜனவரி 31-இல் ஏவியது), ஐரோப்பாவின் ஸ்மோஸ் (2009 நவம்பர்) இரண்டும் 1.4 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையில் பார்க்கின்றன. அவை நேரடியாக அறிவது மேல் 5 செ.மீ. ஈரத்தை மட்டும். நேற்றுத் தூறல் விழுந்திருந்தால் மேலே ஈரம் காட்டும். திராட்சை வேர் இருக்கும் ஆழத்தில் ஒன்றும் மாறியிருக்காது. வேர் ஆழத்து ஈரம் என்று போடும் படங்கள் மாடல் கணக்கு.

ஸ்மாப்பின் ரேடார் 2015 ஜூலையிலேயே பழுதாகிவிட்டது. மிஞ்சிய கருவியின் ஒரு கட்டம் 36 கி.மீ. அகலம். கம்பத்தின் மேல் வைத்தால் பள்ளத்தாக்கும், அதற்கு மேற்கே குமுளிப் பக்கத்து ஏலக்காட்டு மலையும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். அடர்ந்த காட்டில் இலைகளில் உள்ள நீர் மண்ணை மறைத்துவிடுவதால் அங்கே வரும் எண்ணை நம்ப முடியாது. மாவட்டம் அளவில் இந்த வாரம் போன வாரத்தைவிடக் காய்கிறதா என்று பார்க்க அந்தப் படம் நல்லது. மோட்டார் போட அது உதவாது.

மண் ஈரத்துக்கும் மழைக்கும் தொடர்பைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அளந்து பார்க்க ஆசை. என்ன பதிவு எடுக்க வேண்டும்?
– ஆசிரியர், வேலந்தாவளம்

மூன்று பதிவு போதும். காலையில் 15 செ.மீ. ஆழத்து மண் ஈரம், மேலே சொன்ன முறையில், வாரம் இரண்டு நாள். பிற்பகல் 2.30-க்கு உலர் குமிழ், ஈரக் குமிழ் (குமிழில் ஈரத்துணி சுற்றியது) வெப்பமானி அளவுகள். காலை 8.30-க்கு மழைமானி. வானிலைத் துறை எடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

வெப்பமானிகள் நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும்; சிமென்ட் சுவரில் மாட்டாதீர்கள். ஈரக் குமிழைச் சுற்றும் மல் துணிக்கு மழைநீர் வையுங்கள். போர்த் தண்ணீரின் உப்பு துணியில் படிந்தால் அளவு கூடிக் காட்டும். அட்டவணையைப் பார்த்துப் பனிப்புள்ளி எடுத்து, அதை உலர் அளவிலிருந்து கழித்து, 125-ஆல் பெருக்கி மேக அடியைக் கணக்கிடச் சொல்லுங்கள். உலர் 35, ஈரம் 26 என்றால் பனிப்புள்ளி சுமார் 23. மேக அடி 1,500 மீட்டர். மழை பெய்த வாரத்திலும் காய்ந்த வாரத்திலும் இந்த உயரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். மழையையே முன்கூட்டிச் சொல்ல ஒரு பள்ளியின் பதிவு போதாது.

தேதியில் கவனம் வேண்டும். 15-ஆம் தேதி காலை 8.30-க்கு அளக்கும் மழை 15-ஆம் தேதிக் கணக்கில் எழுதப்படும். அது பெரும்பாலும் 14-ஆம் தேதி மாலையில் பெய்தது. அதை 15-ஆம் தேதி மண் ஈரத்தோடு சேர்த்து வரைபடம் போட்டால், ஈரம் கூடிய நாளில் மழையும் கூடுதல் என்று அழகாக வரும். மழையால் வந்த ஈரம்தான் அது. 15-ஆம் தேதி மழைக்கு எதிரே 14-ஆம் தேதி காலை எடுத்த மண்ணின் எண்ணை வையுங்கள்.